கதவை ஓட்டுகிறவர்கள் பதில் சொல்லட்டும்



கதவைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் சிரித்துக்கொண்டே வந்திருப்பீர்கள். ஆமாம், கதவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். துணிக்கடையிலும் மருத்துவமனையிலும் விமான நிலையத்திலும் தானாகத் திறந்து தானாக மூடுகிறதே, அந்தக் கதவைப் பற்றி. அது ஒருவரை நசுக்கினால் யார் பொறுப்பு? இந்த ஒரு கேள்விக்காகத்தான் இங்கே கூடியிருக்கிறோம்.

ஜப்பானில் நடந்ததைச் சொல்கிறேன். டோக்கியோவில் ரோப்பொங்கி ஹில்ஸ் என்ற பெரிய வளாகம் 2003 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அங்கே மோரி டவர், 54 மாடி. வாசலில் மின்சாரத்தில் சுழலும் பெரிய கதவு. 2004 மார்ச் 26. தாயோடு வந்த ஆறு வயதுப் பையன் உள்ளே நுழைய ஓடினான். சுழலும் கதவுக்கும் வெளிச்சட்டத்துக்கும் நடுவே தலை சிக்கியது. பிள்ளை பிழைக்கவில்லை.

சென்சார் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது! மேலிருந்து பார்க்கும் சென்சார். தரையிலிருந்து 120 சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பது அதன் கண்ணில் படாது. பையனின் உயரம் 117. மூன்று சென்டிமீட்டர், தோழர்களே! ஒரு விரலை நீட்டினால் அதைவிட நீளம். ஏன் அப்படி வைத்தார்கள்? கதவு காரணமில்லாமல் அடிக்கடி நின்றுவிடுகிறது, கூட்டம் தேங்குகிறது என்று பார்வை எல்லையை உயர்த்தினார்கள். கூட்டம் தேங்கவில்லை. குழந்தை போய்விட்டது.

இன்னொன்று கேளுங்கள். இந்த வகைக் கதவு ஐரோப்பாவில் பிறந்தது. அங்கே அலுமினியச் சட்டம், சுழலும் பகுதி ஒரு டன்னுக்கும் குறைவு. ஜப்பானுக்கு வந்ததும் எஃகு சேர்ந்தது, பளபளப்பு சேர்ந்தது. எடை ஏறக்குறைய 2.7 டன் ஆனது. பிரேக் பிடித்தாலும் அந்த எடை சட்டென்று நிற்குமா? தோல்விகளை ஆராய்வதையே தன் துறையாக்கிக்கொண்ட பேராசிரியர் யோத்தாரோ ஹதமுரா, இந்த விபத்துக்காகவே ஒரு ஆய்வைத் தொடங்கிக் கதவை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தார். கதவு இலேசாக இருக்க வேண்டும் என்ற பாடம், கதவோடு கப்பலேறி வரவில்லை என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

அந்த விபத்துக்கு முன்னால் எச்சரிக்கை வரவில்லையா? வந்தது. அந்த வளாகத்துச் சுழல் கதவுகளில் ஒரு வருடத்துக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட விபத்துகள். சிக்கியவர்களில் குழந்தைகளும் உண்டு. அத்தனைக்குப் பிறகும் கதவு சுற்றிக்கொண்டுதான் இருந்தது. 2005இல் நீதிமன்றம் கட்டட நிறுவனத்தார் இருவரையும் கதவு நிறுவனத்தார் ஒருவரையும் குற்றவாளிகள் என்றது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. சுழல் கதவுகளுக்கான பாதுகாப்புத் தரவிதியும் அதே ஆண்டில் வந்தது. பிணம் விழுந்த பிறகு வந்தது!

நம் ஊருக்கு வருவோம். கதவு யாரையாவது இடித்தால் கட்டடக்காரர் சொல்வார்: "கம்பெனிக்காரன் மாட்டினான்." கம்பெனிக்காரர் சொல்வார்: "பராமரிப்பு எங்களிடம் இல்லை." பராமரிப்புக்காரர் சொல்வார்: "போன் வந்தால்தானே போவோம்." திறப்பு விழாவில் மாலை வாங்க மூன்று அப்பன், விபத்து நடந்தால் அந்தக் கதவு அநாதை!

மூவரும் ஒரே குரலில் சொல்வது ஒன்று உண்டு: "பெற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாமா?" கண்ணாடியில் ஸ்டிக்கரும் ஒட்டியிருப்பார்கள், குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளவும் என்று. பெற்றவர்களுக்குக் கவனம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் குழந்தை ஓடும் என்பது ஊருக்கே தெரியும். கதவு செய்கிறவருக்கு மட்டும் தெரியாதா? நூறு ரூபாய் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் பொறுப்பை எங்கள் தலையில் கட்டினால் நாங்கள் சுமக்க வேண்டுமா?

சட்டம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளின் வடிவமைப்பில் குறை இருந்தாலும், போதிய எச்சரிக்கை தராவிட்டாலும் தயாரித்தவர் பொறுப்பு என்கிறது. விற்றவரையும் சேவை தருபவரையும்கூட அது விட்டுவைக்கவில்லை. நல்ல சட்டம்தான். ஆனால் அது இழப்பீடு கேட்க வழி காட்டுகிறது. நமக்கு வேண்டியது இழப்பே வராமல் இருப்பது.

ஆகவே நாம் கேட்பது நான்கு. ஒன்று, தினமும் காலையில் வாசலைத் திறக்குமுன், ஒரு சிறு குழந்தை உயரத்துக்கு அட்டைப்பெட்டியை வைத்து, கதவு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு, சென்சாரின் அமைப்பை மாற்றினால் யார் மாற்றினார், எதற்காக மாற்றினார் என்று கையெழுத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும். மூன்று, சின்ன இடியானாலும் அதையும் எழுத வேண்டும், கேட்பவருக்குக் காட்ட வேண்டும். நான்கு, ஒருவர் சிக்கினால், காரணம் கண்டு சரிசெய்யும்வரை அந்தக் கதவு ஓடக்கூடாது.

செலவாகும் என்பார்கள். ஆகட்டும்! கதவு வீணாகப் பத்துத் தடவை நிற்கும் என்பார்கள். நிற்கட்டும்! நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம்.

நாளைக்கு நீங்கள் போகும் கடையில் மேலாளரைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்தக் கதவைக் கடைசியாகச் சோதித்தது என்றைக்கு?" தேதி சொன்னால் நன்றி சொல்லுங்கள். தலையைச் சொறிந்தால் அங்கேயே நின்று புகார் எழுதிக் கொடுங்கள். தேதி சொல்லத் தெரியாதவருக்குக் கதவை ஓட்டும் உரிமை கிடையாது!