படகில் ஏற்றும் கம்ப்யூட்டர்: வரைபடம் முதலில், பெட்டி கடைசியில்!

மீனவர் அணிப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



இன்னைக்கு தேர்தல் கணக்கைப் பேசப் போறதில்லை. உங்க வீல்ஹவுஸில் உட்கார்ந்திருக்கிற, இல்லைன்னா சீக்கிரமே வந்து உட்காரப் போகிற ஒரு பெட்டியைப் பத்திப் பேசப் போறேன். கடல் வரைபடம் காட்டும் கம்ப்யூட்டர். அதை எதைப் பார்த்து வாங்கணும், எதை நம்பணும், எதை நம்பக்கூடாது என்பதுதான் விஷயம்.

நம்ம பெரியவங்க கணியம் பார்த்துத் தொழில் செய்தவங்க. கரையில் தெரியும் மலை முகடு, கோயில் கோபுரம், பனைமரம் இதையெல்லாம் ஒரே நேர்க்கோட்டில் வச்சு, கடலுக்கு அடியில் இருக்கும் பாரைக் கண்டுபிடிச்சாங்க. அது பெரிய அறிவு. ஆனால் கரை கண்ணுக்குத் தெரியும் வரைக்கும்தான் கணியம். இன்னைக்கு வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறோம். 2017-ல் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்களை எப்படி இழந்தோம் என்பதை யாரும் மறக்கல. இன்னொரு பக்கம், ராமேஸ்வரத்திலிருந்து சில கடல் மைலிலேயே 1974-ல் ஒப்பந்தம் போட்டு வரைந்த எல்லைக்கோடு. அந்தக் கோடு தண்ணியில் தெரியாது. திரையில் மட்டும்தான் தெரியும். அதனால் திரை பொய் சொல்லக்கூடாது.

கடைக்குப் போனால் என்ன கேட்கிறோம்? "ஸ்கிரீன் எவ்வளவு பெரிசு? என்ன விலை?" தோழர்களே, இந்த வரிசையே தலைகீழ். முதலில் வரைபடம், ரெண்டாவது மென்பொருள், மூணாவது மின்சாரம், கடைசியில்தான் பெட்டி.

✅ முதலில் வரைபடம்

செல்போனில் இருக்கும் கூகுள் மேப் கடலுக்கு ஆகாது. அதில் கடல் வெறும் நீலம். ஆழம் இல்லை, பார் இல்லை, மூழ்கிய கப்பல் இல்லை. சிக்னல் போச்சுன்னா அந்த நீலமும் இல்லை. நமக்கு வேண்டியது நீரளவியல் துறை அளந்து வெளியிடும் மின்னணுக் கடல் வரைபடம். இந்தியாவில் அதைச் செய்வது டேராடூனில் இருக்கும் தேசிய நீரளவியல் அலுவலகம்.

பென்டிரைவில் கைமாறிக் கைமாறி வரும் வரைபடத்தை நம்பாதீங்க. அது எந்த வருஷத்துப் பதிப்பு, கடைசியாக எப்போ திருத்தினாங்க என்று யாருக்கும் தெரியாது. மணல்திட்டு நகரும், புதுசா அலைதடுப்புச் சுவர் கட்டுவாங்க, மிதவையை இடம் மாத்துவாங்க. பழைய வரைபடத்துக்கு இதெல்லாம் தெரியுமா?

இன்னொன்றையும் கேளுங்க. வரைபடம் டபிள்யூஜிஎஸ் 84 என்ற அளவீட்டில் இருக்கா? ஜிபிஎஸ் பேசும் மொழி அதுதான். பழைய அளவீட்டில் வரைந்த படத்தில் ஜிபிஎஸ் புள்ளியை அப்படியே வச்சால் சில நூறு மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். முகத்துவாரத்தில் நுழையும்போது சில நூறு மீட்டர் என்றால் என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"பெரிய கப்பலுக்கு இப்படியெல்லாம் நடக்காது" என்று நினைக்காதீங்க. 2013 ஜனவரி 17 அன்று அமெரிக்கக் கடற்படையின் 'கார்டியன்' என்ற கண்ணிவெடி அகற்றும் கப்பல், பிலிப்பைன்ஸில் துப்பதாஹா பவளப்பாறை மேல் ஏறி நின்றது. அவங்க பார்த்த மின்னணு வரைபடத்தில் அந்தப் பாறை கிட்டத்தட்ட 8 கடல் மைல் தள்ளிப் பதிவாகியிருந்தது. கப்பலை முழுசாக மீட்க முடியாமல், வெட்டி வெட்டித்தான் எடுத்தாங்க. உலகத்திலேயே பெரிய கடற்படைக்கே இந்த நிலைமை.

✅ ரெண்டாவது மென்பொருள்

இலவசமாகவே நல்ல மென்பொருள் இருக்கு. 'ஓபன்சிபிஎன்' என்று பேர். உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கிய திறந்த மென்பொருள். விண்டோஸில் ஓடும், லினக்ஸில் ஓடும், கையடக்கமான ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டரிலும் ஓடும். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளும் நிறைய இருக்கு. எதை எடுத்தாலும் இந்த ஐந்து கேள்வியைக் கேளுங்க:

1. இன்டர்நெட் இல்லாமல் முழுசாக வேலை செய்யுமா?
2. நம்ம கரைக்கும், நாம போகும் கடலுக்கும் இதில் வரைபடம் கிடைக்குமா?
3. என்எம்இஏ 0183 முறையில் வரும் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், ஏஐஎஸ் தகவல்களை எடுத்துக்கொள்ளுமா? ஏஐஎஸ் இருந்தால், ராத்திரியில் நம்மைப் பார்த்து வரும் சரக்குக் கப்பலைத் திரையிலேயே பார்க்கலாம்.
4. நாம குறிக்கும் கோட்டை நெருங்கினால் சத்தம் போட்டு எழுப்புமா?
5. போன பாதையைப் பதிவு செய்து, தனிக் கோப்பாக எடுத்துக் கொடுக்குமா?

நாலாவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்றேன். அலாரத்தை எல்லைக்கோட்டிலேயே வைக்காதீங்க. வலையை விட்டுட்டு ரெண்டு மணி நேரம் கண் அசந்தால், ஒன்றரை நாட் வேகத்தில் ஓடும் நீவாடு படகை 3 கடல் மைல் இழுத்துட்டுப் போயிடும். அந்தக் கணக்குப்படி உள்ளே தள்ளி ஒரு கோடு போட்டு, அதில் வையுங்க.

ஐந்தாவது ரொம்ப முக்கியம். எல்லை தாண்டியதாகச் சொல்லிப் பிடிக்கும்போது, "நான் இங்கதான் இருந்தேன்" என்று வாயால் சொன்னால் யார் கேட்கிறாங்க? நேரத்தோட பதிவான பாதை கையில் இருந்தால் வழக்கறிஞர் பேச ஒரு பிடி கிடைக்கும். ஒன்றையும் மறைக்காமல் சொல்லணும்: தாண்டியிருந்தால் அதையும் அது காட்டும்.

மென்பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பார்க்கத் தெரியணும். 2014 நவம்பர் 29 அன்று, உலகைச் சுற்றும் பாய்மரப் போட்டியில் போன 'வெஸ்டாஸ் விண்ட்' படகு, மொரிஷியஸுக்கு வடகிழக்கே கார்கடோஸ் கராஜோஸ் திட்டில் மோதியது. திட்டு வரைபடத்தில் இருந்தது. ஆனால் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் அந்த ஆபத்து சரியாகத் தெரியும். அவங்க அப்படிப் பார்க்கல. ஒன்பது பேரும் உயிர் பிழைச்சது பெரிய விஷயம். பாடம் இதுதான்: போகிற பாதை முழுவதையும், புறப்படும் முன்னாடியே திரையைப் பெரிதாக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்க.

✅ மூணாவது மின்சாரம்

ஒரு சாதாரணக் கணக்கு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைத்தான் செலவழிக்கலாம்னு வச்சுக்குங்க. 600 வாட்-மணி. 60 வாட் குடிக்கும் லேப்டாப் 10 மணி நேரத்தில் காலி. 10 வாட் குடிக்கும் சின்னக் கம்ப்யூட்டர் 60 மணி நேரம் ஓடும். திரைக்குத் தனிக் கணக்கு. எஞ்சின் நின்னு போன ராத்திரியில்தான் இந்த வித்தியாசம் புரியும்.

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது மின்னழுத்தம் சட்டென்று இறங்கும். சாதாரண இணைப்பில் இருந்தால் கம்ப்யூட்டர் அணைஞ்சு திரும்ப எழும். அதனால் 9 முதல் 36 வோல்ட் வரை தாங்கும் டிசி மாற்றியும், தனி ஃபியூஸும் கட்டாயம்.

✅ கடைசியில் பெட்டி

ஃபேன் இல்லாத பெட்டியாகப் பாருங்க. ஃபேன் இருந்தால் உப்புக்காற்றை உள்ளே இழுத்து போர்டை அரிச்சிடும். சுழலும் ஹார்ட் டிஸ்க் அலை அடிக்கும் அடிக்குத் தாங்காது, எஸ்எஸ்டி போடுங்க. சாதாரண லேப்டாப் திரை உச்சி வெயிலில் தெரியாது. அதிக வெளிச்சத் திரை வாங்குங்க, இல்லைன்னா நிழலில் மாட்டுங்க. ஈரக்கையில் தொடுதிரை சொன்ன பேச்சு கேட்காது, கூடவே பொத்தானோ மவுஸோ வேணும். விண்டோஸ் என்றால் தானாக அப்டேட் ஆவதைக் கரையிலேயே நிறுத்திடுங்க.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு நாள் அந்தப் பெட்டி அணையும். அதுக்காகத் தனி பேட்டரியில் ஓடும் கை ஜிபிஎஸ், திசைகாட்டி, காகித வரைபடம், முக்கியமான இடங்களின் எண்களை எழுதிய நோட்டு இந்த நான்கும் படகில் இருக்கணும். இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் இருந்தால் அதைக் கழற்றாதீங்க. அது செய்தி அனுப்பும் கருவி, ஆபத்தில் உயிர்நாடி. ஆனால் அது வரைபடத்துக்கு மாற்று இல்லை.

தோழர்களே, இதில் அரசாங்கத்துக்கும் கடமை இருக்கு. அமெரிக்கா தன் கரையின் மின்னணு வரைபடங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ள விட்டிருக்கு. நம்ம வரிப்பணத்தில் அளந்த நம்ம கடலின் வரைபடம் நம்ம மீனவனுக்கு ஏன் இலவசமாகக் கிடைக்கக்கூடாது? திரையில் வரும் எச்சரிக்கை ஏன் தமிழில் வரக்கூடாது? மானியம் கருவிக்கு மட்டும் போதாது. வரைபடத்துக்கும், வருஷா வருஷம் திருத்தத்துக்கும், பயிற்சிக்கும் சேர்த்துக் கொடுக்கணும். இதுதான் நம்ம கோரிக்கை.

கோரிக்கை நிறைவேறும் வரைக்கும் சும்மா இருக்கவும் வேண்டாம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு கரையில் நிற்கும் அந்த நாட்களில் எல்லாத்தையும் மாட்டுங்க. ஒருநாள் முழுக்க பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு, கை ஜிபிஎஸ்ஸையும் திசைகாட்டியையும் வச்சு வழி சொல்ல முடியுதான்னு டிரைவர் மட்டுமில்லை, படகில் இருக்கும் ஒவ்வொருத்தரும் செய்து பாருங்க.

இந்தப் பதிவைப் படிக்கிற உறவுகள், உங்களுக்குத் தெரிந்த ஒரு படகு உரிமையாளருக்காவது இதை அனுப்புங்க.

போனவங்க எல்லாரும் திரும்பி வரணும்.

#மீனவர்அணி #கடல்பாதுகாப்பு #தமிழில்கடல்வரைபடம்