அப்பாவோட வேட்டியும் அல்கால் நட்சத்திரமும்

நட்சத்திரத்தோட வெளிச்சத்தை அளக்கிற சாஃப்ட்வேர் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன். முதல்ல நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லிடறேன்.

எங்க வீடு தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம். மொட்டை மாடியில ஒரு பழைய கேமரா, 50 எம்எம் லென்ஸ், ஒரு ட்ரைபாட். அவ்வளவுதான் என் ஆய்வகம். நான் பார்த்தது அல்கால். அது இரட்டை நட்சத்திரம். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒண்ணு இன்னொண்ணை மறைக்கும். அப்போ அதோட ஒளி அளவு 2.1-லிருந்து 3.4-க்கு இறங்கிடும்.

அன்னைக்குக் கணக்குப்படி கிரகணமே கிடையாது. ஆனா ஸ்கிரீன்ல கோடு கீழே இறங்குது! புதுசா எதையோ பிடிச்சுட்டோம்னு எனக்குக் கை நடுங்கிடுச்சு. 1911-லிருந்து இந்த மாதிரி அளவுகளைச் சேகரிக்கிற அமெரிக்க அமைப்பு ஒண்ணு இருக்கு, ஏஏவிஎஸ்ஓ. அவங்களுக்கு அனுப்ப எல்லாத்தையும் நிரப்பிட்டேன். பட்டனை மட்டும்தான் அழுத்தலை.

சாஃப்ட்வேர் என்ன செய்யுதுன்னா, நட்சத்திரத்தைச் சுத்தி ஒரு வட்டம் போட்டு உள்ளே இருக்கிற ஒளியைக் கூட்டும். வெளியே இன்னொரு வளையம் போட்டு வானத்தோட ஒளியைக் கழிக்கும். பிறகு அளவு தெரிஞ்ச பக்கத்து நட்சத்திரத்தோட ஒப்பிடும். மெல்லிய மேகம் வந்தாலும் ரெண்டும் சேர்ந்தே மங்கும், அதனால வித்தியாசம் மாறாது. இதுக்கு மேல ஒரு ‘செக் ஸ்டார்’ வைப்பாங்க. அது மாறாத நட்சத்திரம், சாட்சி மாதிரி.

நான் அந்தச் சாட்சியைப் பார்க்கவே இல்லை. பார்த்தப்போ அதுவும் சேர்ந்து இறங்கியிருந்தது. என் ட்ரைபாடுக்கு மோட்டார் கிடையாது. வானம் நகர நகர, அல்காலும் சாட்சியும் படத்தோட மூலைக்குப் போயிடுச்சு. ஒப்பீட்டு நட்சத்திரம் மட்டும் நடுவுல. லென்ஸ் மூலையில ஒளி குறைவா விழும். மங்கினது நட்சத்திரம் இல்லை, என் லென்ஸ்.

இதுக்கு மருந்து ‘ஃப்ளாட்’. ஒரே சீரான வெளிச்சத்தைப் படம் எடுத்து, அதால எல்லாப் படத்தையும் வகுக்கணும். அடுத்த நாள் பொழுது சாயும்போது அப்பாவோட வெள்ளை வேட்டியை மடிச்சு லென்ஸ் மேல போர்த்திப் படம் எடுத்தேன். “ஏண்டா, இருட்டற நேரத்துல வேட்டியைக் காயப்போடறே?”ன்னு அம்மா கேட்டாங்க. திரும்பக் கணக்கு போட்டா கோடு நேரா நிக்குது. புது கண்டுபிடிப்பு காலி!

சாஃப்ட்வேர் தப்பான படத்துக்கும் மூணு தசம இடம் வரைக்கும் பதில் கொடுக்கும். அது சரியான்னு பார்க்கிறது நம்ம வேலை.

சிறுகோள்ல இன்னொரு சிக்கல், அது நகரும். வட்டமும் கூடவே நகரணும். டைக்கோ ட்ராக்கர், எம்பிஓ கேனோபஸ் மாதிரி மென்பொருள்கள் அதைச் செய்யுது. நீளமான பாறை சுத்தும்போது கூடும், குறையும் ஒளியை வெச்சு அது எத்தனை மணிக்கு ஒரு சுத்து சுத்துதுன்னு சொல்லிடலாம். சில்வியாங்கிற சிறுகோளுக்கு சுமார் 5.2 மணி நேரம். அதை 1866-ல கண்டுபிடிச்ச இடம் நம்ம நுங்கம்பாக்கம், மெட்ராஸ் வானாய்வகம்! கண்டுபிடிச்சவர் போக்சன். 5 அளவு வித்தியாசம்னா 100 மடங்கு ஒளின்னு 1856-ல வரையறுத்தவரும் அவர்தான். இன்னைக்கும் எல்லா சாஃப்ட்வேரும் அந்தக் கணக்கைத்தான் போடுது. அதே ஆய்வகத்துல வேலை பார்த்த ரகுநாதாச்சாரி 1867-ல ‘ஆர் ரெட்டிகுலை’ங்கிற மாறொளி விண்மீனைக் கண்டுபிடிச்சார். எங்க ஊருக்குப் பக்கத்து ஜவ்வாது மலையில, காவலூர்ல இருந்து 1988-ல ராஜமோகன் கண்டுபிடிச்ச சிறுகோளுக்கு ராமானுஜன்னு பேரு.

நீங்களும் ஆரம்பிக்கலாம். மியூனிவின், அஸ்ட்ரோஇமேஜ்ஜே ரெண்டும் இலவசம். டிசம்பர் சாயங்காலம் அல்கால் நல்லா மேலே நிக்கும். மாடிக்குப் போகும்போது ஒரு வெள்ளை வேட்டியும் எடுத்துட்டுப் போங்க. அனுப்பறதுக்கு முன்னாடி சாட்சியை ஒரு தடவை பாருங்க.