இடிக்குமுன் எழுதி வைப்போம்



சென்னைச் சாந்தோமில் போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோவில் 1893-இல் இடிக்கப்பட்டது. இன்றுள்ள பேராலயம் 1896-இல் மந்திரிக்கப்பட்டது. பழைய கற்கள் சில அருங்காட்சியகத்தில் இருப்பதால் அக்கோவிலை இன்றும் அறிகிறோம்.

1905-இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து நூலாக்கினார். அதிலுள்ளோர் பெரும்பாலும் ஐரோப்பியர். நம் பாட்டன் பாட்டிமாரின் பெயரை நாமன்றி யார் எழுதுவார்?

ஆகவே, கோவிலோ பள்ளிக்கூடமோ, கடப்பாரை படுமுன் நாற்புறமும் படமெடுங்கள். நீள அகலத்தை அளந்து குறியுங்கள். உபயகாரர் பெயர்க்கல்லைப் பத்திரப்படுத்துங்கள். சுண்ணாம்பு அரைத்தவர் யார், கல் சுமந்தவர் யார் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். சுவரை மறுபடியும் எழுப்பலாம். அவர்கள் போனபின் கேட்க ஆளிராது. இன்றே தொடங்குவோம்.