அந்தமான் தலைநகரில் ஜாகை தேடுதல்

பிறந்த மண்ணை விட்டு வெளியூரில் குடியேறும் தமிழர் ஒவ்வொருவரும் முதலில் விடைகாண வேண்டிய வினா, எங்கே குடியிருப்பது என்பதாகும். வேலை இன்னது என்பது உத்தரவிலேயே எழுதியிருக்கும். வீட்டை நாமேதான் தேட வேண்டும். பம்பாய் சென்ற நம்மவர் முற்காலத்தில் மாதுங்காவை நாடினர். டில்லி சென்றவர் கரோல்பாக்கை நாடினர். கடையும் கோயிலும் அருகே இருக்க வேண்டும், அலுவலகத்துக்குப் போக ரயிலோ பஸ்ஸோ கிடைக்க வேண்டும் என்று அவர்கள் கருதினர். சொந்த வண்டியில்லாத குடும்பத்துக்கு இந்த எண்ணம் இன்றும் பொருந்தும். அந்தமானுக்கு மாற்றலாகி வரும் அன்பர்களுக்கு அது எவ்வாறு பொருந்துகிறது என்பதைப் பார்ப்போம்.

போர்ட் பிளேயர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்ற நகரமே இத்தீவுகளின் தலைநகரம். 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி தீவுகளின் மக்கள் தொகை 3,80,581. அவர்களுள் ஏறத்தாழ 15 சதவிகிதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஆகவே புதிதாக வருபவர் கடைத்தெருவில் நம் மொழியைக் கேட்கலாம். வெற்றிமலை முருகன் கோயிலில் நம்மவரைக் காணலாம். ஆனால் ஊரின் அமைப்பு நமக்குப் புதிது. குன்றுகளும் கடற்கழிகளும் மாறிமாறி வருகின்ற நிலம் இது. படத்தில் அரை மைல் என்று தோன்றும் இடத்துக்கு ஒரு மேடு ஏறி, இறங்கி, கழியைச் சுற்றிச் செல்ல நேரிடும். எனவே வீட்டைத் தேடுவோர் தூரத்தை மட்டும் கேட்பது போதாது. எத்தனை ஏற்றம் என்றும் கேட்க வேண்டும். அரிசி மூட்டையோ கைக்குழந்தையோ சுமந்து ஒருமுறை ஏறிப் பார்ப்பது இன்னும் நலம்.

நகரின் நடுநாயகம் அபர்தீன் பஜார். மணிக்கூண்டைச் சுற்றிக் கடைகள்; அருகே மோகன்புரா பஸ் நிலையம்; சற்றே மேட்டில் செல்லுலார் சிறையும், அதனை அடுத்து கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையும் அமைந்துள்ளன. ஸ்வராஜ் த்வீபம், ஷஹீத் த்வீபம் முதலிய தீவுகளுக்குக் கப்பல் புறப்படும் பீனிக்ஸ் பே துறையும் வெகு தொலைவிலில்லை. நகரப் பஸ்களும், வண்டூர், சிடியா டாப்பு போன்ற வெளியிடங்களுக்குச் செல்லும் பஸ்களும் மோகன்புராவிலிருந்தே புறப்படுகின்றன. ஆதலால் இப்பகுதியில் குடியிருப்பவர் எத்திசையில் செல்லவும் ஒரே பஸ் போதும். வேறிடத்தில் குடியிருப்பவர் பல சமயம் இங்கு வந்து மாற வேண்டியிருக்கும். வாடகை அதிகம், இடம் நெருக்கம், இரைச்சல் உண்டு. இவை இதன் குறைகள்.

வடமேற்கே ஹாடோ, டெலானிப்பூர், சாத்தம் ஆகிய பகுதிகள் உள்ளன. சென்னையிலிருந்து மூன்று நாள் பயணமாக வரும் கப்பல் ஹாடோ துறையில்தான் அணைகிறது. சாத்தம் தீவு பாலத்தால் நகரோடு இணைந்தது. 1883இல் தொடங்கிய மரம் அறுக்கும் ஆலை அங்கே இருக்கிறது. துறைமுகத்தையோ ஆலையையோ சார்ந்து உழைப்போருக்கு இப்பகுதி ஏற்றது. சாத்தத்திலிருந்து படகேறினால் சிறிது நேரத்தில் பாம்பூபிளாட் என்ற அக்கரையை அடையலாம். அமைதியை நாடி அங்கே குடியேறுவோர் ஒன்றை நினைவில் வைத்தல் வேண்டும்: கடல் கொந்தளிக்கும் நாளில் படகு நின்றால், சாலை வழி வெகு சுற்று. நள்ளிரவில் நோய் கண்டால் என் செய்வது என்பதை வீடு பிடிக்குமுன்னரே சிந்திக்க வேண்டும்.

தெற்கே விமான நிலையத்தைக் கடந்து டாலிகஞ்ச், பிராத்ராப்பூர், கராச்சர்மா என்று நகரம் சாலையோரமாக நீண்டு செல்கிறது. இங்கே காற்றோட்டமான வீடுகள் கிடைக்கும். நெடுஞ்சாலையை ஒட்டிய வீடானால் பஸ்ஸுக்குக் குறைவில்லை. சாலையிலிருந்து உள்ளே தள்ளிய வீடானால், பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் பயணமே தொடங்கும்.

இங்கே சூரியனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையைக் கொண்டு வகுக்கப்பட்டது. இந்நகரமோ 92¾ பாகையை ஒட்டியுள்ளது. பாகைக்கு 4 நிமிஷம் வீதம் சூரியன் இங்கே சுமார் 40 நிமிஷம் முந்துகிறான். நவம்பர், டிசம்பர் மாதங்களில் மாலை 5 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். அலுவலகம் விட்டு வரும் பெண்களும், பாடம் முடித்து வரும் பிள்ளைகளும் இருட்டில்தான் மேடேற வேண்டியிருக்கும். ஆகவே வீட்டைப் பகலில் ஒருமுறையும், விளக்கு வைத்தபின் ஒருமுறையும் பார்த்தல் நன்று. கடைசிப் பஸ் எப்போது என்பதை வீட்டுக்காரரிடம் கேளாமல், அத்தெருவில் பஸ்ஸில் செல்வோரிடம் கேட்டறிக.

தண்ணீரும் அவ்வாறே. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. எனினும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வறட்சி. நகருக்கு முக்கிய ஆதாரமான தனிக்காரி அணையில் நீர் தாழ்ந்தால் குழாயில் தினந்தோறும் நீர் வாராது. வண்டியில்லாதவர் குடம் சுமந்து தொலைவு செல்ல இயலாதாகையால், தொட்டியின் அளவை முதலிலேயே பார்த்துக்கொள்க. தாழ்நிலத்து வீடு ஏற வேண்டாமையால் வசதியாகத் தோன்றும். ஆனால் 2004 டிசம்பர் 26இல் நேர்ந்த நில நடுக்கத்தில் தென் அந்தமான் நிலம் ஏறத்தாழ 1 மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் போன்ற இடங்களில் கடல்நீர் வயல்களுள் புகுந்து தங்கிவிட்டது. சிறிது மேடு ஏறும் சிரமம் இங்கே வீண்போவதில்லை.

இறுதியாக ஒரு சிறு கணக்கு. தொலைவில் வீடு பிடித்ததால் வாடகையில் மாதம் 2,000 ரூபாய் மிச்சம் என்று கொள்வோம். வேலை நாள் 25 ஆனால், நாளொன்றுக்கு 80 ரூபாய். பஸ் தவறி ஆட்டோவை அழைக்கும் நாட்களில் அம்மிச்சம் கரைந்துவிடும். அதற்கு மேல், வழியில் கழியும் நேரமும் உண்டு. பெரும்பாலும் அது வீட்டுப் பெண்களின் உறக்கத்திலிருந்தும், குழந்தைகளின் விளையாட்டிலிருந்தும் எடுக்கப்படுவதாகும். வாடகைச் சீட்டில் அதற்கென ஒரு வரி இல்லாமையால் நாம் அதனைக் காண்பதில்லை.

ஆதலின், வந்தவுடன் ஓராண்டுக்கு ஒப்பந்தம் எழுதிவிடாமல், முதல் ஒரு மாதம் பஜாரை ஒட்டிச் சிறிய அறையொன்றில் தங்குவது விவேகம். அந்த ஒரு மாதத்தில் அலுவலகம், பள்ளி, மருத்துவமனை, சந்தை ஆகிய நான்குக்கும் பஸ்ஸிலும் கால்நடையாகவும் சென்று பார்க்கலாம். தமிழ்வழிப் பிரிவு வேண்டுவோர், அது எந்தப் பள்ளியில் உள்ளது என்பதையும் அப்போதே விசாரித்தறியலாம். அந்நான்கில் மூன்றையேனும் பிறர் உதவியின்றி வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளும் சென்றடையக்கூடிய இடம் எதுவோ, அதுவே நமக்கு ஏற்ற ஜாகை.