விரட்டினால் வளரும் நினைவு

கல்யாணமாகி, பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதிலும், பழைய பெயர் ஒன்று காதில் விழுந்தால் மனசு திரும்பிப் பார்க்கும். சொல்லாமலே போன காதலும் அப்படித்தான். உடனே, 'நினைக்கவே கூடாது' என்று நமக்கு நாமே தடை போடுகிறோம். அந்தத் தடைதான் நினைவை வளர்க்கிறது. 1987-ல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களிடம், "வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள்" என்றார். மணி திரும்பத் திரும்ப அடித்தது. பிறகு, "இனி நினைக்கலாம்" என்றதும், தடையே இல்லாமல் நினைத்தவர்களைவிட, முதலில் தடுத்து வைத்தவர்களுக்கே கரடி நினைப்பு அதிகமாக வந்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரிகளுக்கு இது புரியும். கரிசல் காட்டில் சீமைக் கருவேலத்தைத் தரையோடு வெட்டிப் போடுங்கள். ஒரு மழை பெய்தால் போதும். அதே தூரில் ஒன்றுக்கு நாலாகத் துளிர்த்து நிற்கும்.

கரடி வேறு, காதல் வேறு என்பீர்கள். உண்மைதான். ஆனால் யாரும் ஆசைப்படாத கரடிக்கே இந்தப் பாடு என்றால், ஆசைப்பட்ட முகத்துக்கு எவ்வளவு இருக்கும்! கட்டியவருக்கு இது துரோகமில்லையா? தானாக வருகிற நினைவு வேறு, தேடிப்போய்ப் பேசுவது வேறு. முன்னதில் குற்றமில்லை. ஒருதலைக் காதலைக் கைக்கிளை என்று ஏழு திணைகளில் ஒன்றாகவே வைத்தது தொல்காப்பியம். அதற்காக நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. செல்போனில் அந்தப் பழைய போட்டோவைத் தேடாதீர்கள். நினைவு வந்தால் வரட்டும், விரட்டாதீர்கள். கையில் இருக்கிற வேலையை விடாமல் செய்யுங்கள்.