நொய்யல் நீரும் நமது பங்கும்

 

இயற்கையைக் கெடுக்காமல் என்றும் நிலைத்து நிற்கும் பொருளாதாரம் வேண்டும் என்று இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. நாமும் அதனையே விரும்புகிறோம். ஆனால் அம்மாற்றத்தின் சுமையை யார் தாங்குவது, பயனை யார் பெறுவது? இதற்கு விடை காண நம் நொய்யலாறே போதும்.

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியே சென்று காவிரியில் கலக்கும் ஆறு அது. பனியன் தொழில் திருப்பூரின் புகழை உலகெங்கும் பரப்பியது. சாயக்கழிவோ ஆற்றைப் பாழாக்கியது. பாசனத்திற்கென 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. கிணறுகளில் உப்பேறியது. உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்ற நெறியை, வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை அதன் பின்னரே அங்கு வேரூன்றியது.

ஆற்றைக் காக்கும் அந்த ஆணை நியாயமானதே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நிலம் கெட்டால் பட்டாதாரர் இழப்பீடு கேட்கலாம். அந்நிலத்தில் களையெடுத்துக் கூலி பெற்றவரிடம் பட்டா ஏது? பட்டறை மூடப்பட்டால் முதலாளி வங்கியை நாடலாம். நாட்கூலித் தொழிலாளி எங்கே போவார்? தொழிலதிபர்க்குச் சங்கம் உண்டு. நிலவுடைமையாளர்க்கும் சங்கம் உண்டு. இவ்விருவர் வழக்கிடையே நிலமற்றவர் குரல் எழவில்லையெனில், பசுமைப் பொருளாதாரத்திலும் பழைய ஏற்றத்தாழ்வே நீடிக்கும்.

1927-இல் மகாத் குளத்து நீரை அண்ணல் அம்பேத்கர் அருந்தியது, பொதுநீரில் நமக்குள்ள உரிமையை நிலைநாட்டவே. அந்நீரைக் காப்பதற்கான முடிவுகளிலும் நமக்குப் பங்கு வேண்டும்.

ஆகவே இளைஞர்களே! இழப்பீட்டில் கூலித் தொழிலாளர்க்கும் பங்கு கேளுங்கள். கிராம சபையில் எழுந்து பேசுங்கள். கழிவுநீர்த் தொட்டியில் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. அச்சட்டத்தை அறிந்து, அறியாதார்க்கும் எடுத்துரையுங்கள். வேதியியலும் பொறியியலும் கற்று, சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தும் பொறுப்புக்கு வாருங்கள். தொட்டியைக் கழுவும் வேலை மட்டுமே நம்முடையது என்ற நிலை ஒழியட்டும். இக்கழகம் கல்வி வழங்கியது அதற்காகவே.