உலைக்கும் உயிருக்கும் ஒரே காற்று



உருக்காலை உலைக்கும் நோயாளியின் நுரையீரலுக்கும் செல்லும் ஆக்சிஜன் பிறப்பால் ஒன்றே. காற்றைக் கடுமையாகக் குளிர்வித்துத் திரவமாக்கி, அதிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது அது. இரண்டிலுமே தூய்மை 99 விழுக்காட்டைத் தாண்டலாம். வேறுபாடு பொறுப்பில் இருக்கிறது. மருத்துவ ஆக்சிஜன் சட்டப்படி ஒரு மருந்து. அதற்கு உரிமம் வேண்டும். கார்பன் மோனாக்சைடு, ஈரப்பதம் ஆகியவற்றுக்கான சோதனை வேண்டும். வெல்டிங் பட்டறைச் சிலிண்டருக்கு இக்கட்டாயம் இல்லை. அதனுள் துருவோ வேறு வாயுவின் எச்சமோ இருக்கக்கூடும்.

2021 ஏப்ரலில் டெல்லி மருத்துவமனைகளில் மக்கள் மூச்சுக்குத் தவித்தார்கள். பெரிய ஆக்சிஜன் ஆலைகளோ கிழக்கிந்திய உருக்காலைகளில் இருந்தன. இடையே ஓட டேங்கர்கள் போதவில்லை. ஏப்ரல் 22 முதல், சில துறைகள் நீங்கலாக, தொழிற்சாலைகளுக்கு ஆக்சிஜன் வழங்குவது தடை செய்யப்பட்டது. நைட்ரஜன், ஆர்கான் டேங்கர்கள் ஆக்சிஜனுக்கு மாற்றப்பட்டன.

முதல் ஆக்சிஜன் ரயில் மகாராஷ்டிரத்துக்குப் புறப்பட்டது விசாகப்பட்டினம் பொதுத்துறை உருக்காலையிலிருந்து. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான், ஜனவரி 27 அன்று, அந்த ஆலையை முழுமையாகத் தனியாருக்கு விற்க ஒன்றிய அரசு கொள்கை ஒப்புதல் அளித்திருந்தது.

தோழர்களே, லாபக் கணக்கில் சுமையென எழுதப்பட்ட ஆலை, நெருக்கடியில் மக்களின் மூச்சானது. பொதுத்துறையைக் காக்கும் போராட்டம் மக்களின் உயிரைக் காக்கும் போராட்டமே!